டாக்டர் நடக்கச் சொன்ன என் வீட்டுக்காரர்



டாக்டர் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் எங்கள் வீடு இருக்கும் லஸ்ஸிலிருந்து கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். வந்ததும் "அப்பாடா!" என்று காலை நீட்டுவார். நான் உப்புப் போட்டு வெந்நீர் வைத்து, நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேன். அவர் நடையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவளும் நான்தான். உங்களிடமும்தான்!

இன்று தங்கையைப் பார்த்துவிட்டு ராயப்பேட்டையில் டிராம் ஏறினேன். ஜன்னலோரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, சாட்சாத் அவரேதான்!

நான் அவரையே உற்றுப் பார்ப்பதைக் கண்ட கண்டக்டர், "ஐயாவா? தெனமும் வந்துகினுதான் கீறாரும்மா. வண்டி திரும்புற எடம் வரிக்கும் போவாரு, எறங்காம அப்படியே திரும்பிடுவாரு" என்றார்.

"ஏன்னா, இதுதான் உங்க நடையா?" என்றேன்.

திடுக்கிட்டு விழித்தவர், மெதுவாகச் சொன்னார்: "ஆத்துல பதினாலு பேர். ஆபீஸ்ல அதுக்கும் மேல. இந்தக் கடகட சத்தத்துலதான் யாரும் என்னை எதுவும் கேக்கறதில்லே."

நான் கேட்க நிறைய இருந்தது. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  லஸ்ஸில் இறங்கும்போது பார்த்தால், காலையிலிருந்து மண்டையைப் பிளந்த தலைவலியைக் காணோம்.

வாசலிலேயே மாமியார், "இத்தனை நாழி எங்கேடீ போனே?" என்றார்.

"இவரோட நடந்துட்டு வரேம்மா. கால் விட்டுப்போறது" என்று நானும் காலை நீட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாரெல்லாம் தினமும் நடக்கிறார்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.