மணலில் நின்ற தார்ப்பாய்

போன வாரம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனவன், தார்ப்பாய்க் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மெழுகும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உங்களுக்கு அது லாரியை ஞாபகப்படுத்தலாம். எனக்குக் கடல்தான் ஞாபகம் வரும்.

கல்யாணமான புதிது. எனக்கு போர்வெல் வண்டியில் வேலை. பாறையைத் துளைக்கிறவன் என்ற மிதப்பு கொஞ்சம் அதிகம். எங்கள் ஊர் மல்லசமுத்திரம். பெயரில் சமுத்திரம் இருந்து என்ன, என் மனைவி சரோஜா கடலைப் பார்த்ததே இல்லை. சவுக்குக் காடும் மணலுமாக ஒரு சின்னக் கடற்கரைப் பூங்கா, கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். அலைச் சத்தத்தில் தூங்கப் போவதாக அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் ஊர் மண்ணில் கயிறு கட்ட ஒரு முளை இறங்கவே கடப்பாரை வேண்டும். அதனால் பஸ்ஸில் எல்லோரும் திட்டத் திட்ட ஒரு கடப்பாரையையும் தூக்கிப் போயிருந்தேன். ஓங்கிக் குத்தினேன், பாதி மணலுக்குள் சத்தமில்லாமல் போய்விட்டது. இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன். கடல் பக்கத்து முளைகளைக் காற்று பிடுங்கியது. மூன்று தடவை தார்ப்பாய் என் தலையிலேயே விழுந்தது.

பூங்காக் காவலர் வந்தார். "சாயங்காலத்துக்குள்ள இது நிக்கலைன்னா கெளம்பிருங்க. காத்து ஜாஸ்தி."

தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவளைத் திரும்பக் கூட்டிப் போக வேண்டும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்குள் சரோஜா, அரிசியும் பாத்திரமும் கட்டி வந்த சாக்குகளை உதறினாள். "ஏனுங்க, அடிச்சா நிக்கலீன்னா பொதைச்சுப் பாக்கலாமுங்களா?"

சாக்குகளில் மணலை அடைத்து, சாக்கு வாயில் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டினாள். போர்வெல்காரன் நான் கையாலேயே இடுப்பளவு குழி தோண்டினேன். புதைத்து மிதித்தோம். காற்று முட்டிப் பார்த்தது. தார்ப்பாய் புடைத்ததே தவிர அசையவில்லை.

காவலர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

"மல்லசமுத்திரமுங்க. பேர்லயே கடல் இருக்குதுங்க!"

அவள் நன்றாகத் தூங்கினாள். அலைச் சத்தத்தில் கண்ணை மூடாதவன் நான்தான்.

தார்ப்பாய் வாசனை விடவில்லை; இத்தனை வருஷம் கழித்து, நேற்று அந்தக் கடற்கரைக்கு மறுபடி போய்வந்தோம். கூடாரங்களெல்லாம் இப்போது சிமெண்டுத் தரையில், இரும்பு வளையங்களில். எங்கள் இரண்டு சவுக்கு மரங்களும் இல்லை. அந்த மணலும் இல்லை, கடல் உள்ளே வந்துவிட்டது. நான் மரம் நின்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். சரோஜாவோ பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அதா, அலை ஒடையுதில்லீங்க, அங்கதானுங்க எங்க ஊடு நின்னுச்சு. நாந்தானுங்க கட்டுனது!"