நீர்வேலி நாற்சார் வீட்டுக்கு ஏசி பூட்டிய கதை

நூறு வருடப் பழைய வீட்டுக்கு ஏசி பூட்டப் போகிறவன் முதலில் வீட்டோடு மல்லுக்கட்ட வேண்டும், வெக்கையோடு பிறகுதான். ஓட்டுக்கூரைக்குள் தவண்டு திரிந்த என் தொழில்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

நீர்வேலியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நாற்சார் வீட்டில் தனியாக இருக்கிறார். நடுவில் திறந்த முற்றம், சுற்றி விறாந்தை, அதைச் சுற்றி அறைகள். கனடாவிலிருக்கும் தமையன் போனமுறை குடும்பத்தோடு வந்து, வெக்கை தாங்காமல் ஹோட்டலில் தங்கி, வீட்டுக்கு ஒரேயொரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போய்விட்டார். வீடு முழுக்க ஏசி போட்டால் மூன்று கிழமை நிற்பதாகச் சொல்லியிருந்தார். ரீச்சர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

"அண்ணை இந்தமுறை இஞ்சை படுக்கவேணும், தம்பி. அவ்வளவுதான்."

சுவர்

இரண்டடித் தடிப்பு, கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ட்ரில் பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. இழுத்தால் சுவர் பொலபொலவென்று கொட்டுகிறது. என் கூட்டாளி குணம் முறிந்த ட்ரில் முனையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"உதைக் கட்டினவங்கள் வீடெண்டு நினைச்சுக் கட்டேல்லை, அண்ணை."

சாமி அறை

குளிர்காற்றுக் குழாயைச் சாமி அறைக்கு மேலால் கொண்டுபோனால் ஒரு நாள் வேலை. சுற்றிக் கொண்டுபோனால் மூன்று நாள். கெஞ்சிப் பார்த்தேன். ரீச்சர் கொப்பி திருத்துகிறவர் போலக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளையாருக்கு மேலாலை ஒருதரும் போறேல்லை. உம்மடை காத்தும் போகக்கூடாது."

முற்றம்

முற்றத்தைக் கண்ணாடியால் மூடினால் விறாந்தையும் குளிருமே என்று தமையன் போனில் கேட்டார். எனக்கும் ஆசைதான், பெரிய வேலை. ரீச்சர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஆகவே அறைகளுக்கு மட்டும் குளிர். கதவைத் திறந்து வைத்தால் எல்லாம் வீண் என்று நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். ரீச்சரின் அந்த ஒரே பேச்சு இதுதான்:

"மூடினால் மழை எங்கை பெய்யிறது?"

பழுது

தமையன் குடும்பம் வந்த நாலாம் நாள், ரீச்சர் உடனே வரச் சொன்னார். ஸ்பானர் போட்ட ஆயுதப் பையோடு ஓடினேன். அறைக் கதவெல்லாம் சாத்தியிருந்தன. விறாந்தையில் ரீச்சர் தனியாக, வெட்டிய மாம்பழத் தட்டோடு இருந்தார். மெசின் நன்றாக வேலை செய்கிறதாம், அதுதான் கரைச்சலாம்.

"சாப்பிட மட்டும்தான் வெளியிலை வருகினம். பகலிலை கொஞ்சம் பழுதாக்கி விடும், தம்பி."

பழுதான மெசினை நல்லதென்று ஒருநாளும் சொல்லாதவன், நல்ல மெசினைத் தமையனிடம் பழுதென்று சொன்னேன். கொழும்பிலிருந்து ஒரு சாமான் வரவேண்டும், அதுவரை இரவில் மட்டும் போடலாம் என்றேன். பிள்ளைகள் முணுமுணுத்தபடி வெளியே வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தேன். விறாந்தையில் பாய் விரித்து எல்லாரும் காட்ஸ் விளையாடினார்கள். ரீச்சர் தமையனின் மகளோடு கள்ள ஆட்டம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தமையன் வியர்க்க வியர்க்க என்னை வெளிவாசல் படலைவரை கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆறுதலாத் திருத்தும். அவசரமில்லை."

என் பதினெட்டு வருடத் தொழிலில், பழுதென்று கேட்டு வீட்டுக்காரர் சந்தோசப்பட்ட ஒரே மெசின் அதுதான்.