வற்றிய சிப்பிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரண்டாம் மாடியில், ஏசியில் உட்கார்ந்து நான் செய்வது சிப்பி வேலை. வடக்கே ஏதோ ஒரு குளிர்தேசத்து வளைகுடாவில் சிப்பிகளை எடுத்து, அளந்து, உள்ளிருக்கும் சதையை உலர்த்தி எடைபோட்டு, கையால் எழுதி அனுப்புவார்கள். அந்தத் தாள்களைப் பார்த்து நான் கணினியில் ஏற்ற வேண்டும். முகப்பேரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இதைத்தான் செய்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே நம்புவதில்லை.

எதற்காக என்பது முதல் நாள் கொடுத்த குறிப்பில் இருந்தது. அங்கே குளிர்காலத்தில் முங்கி இரை தேடும் கடல் வாத்துகளுக்கு அந்தச் சிப்பிதான் சாப்பாடு. ஓட்டோடு விழுங்கி வயிற்றுக்குள்ளேயே அரைத்துக்கொள்ளும். கடல் சில்லென்று இருந்தால் சிப்பி அடங்கிக் கிடக்கும். சதை அவ்வளவாகக் கரையாது. குளிர்காலத்திலும் தண்ணீர் சூடாக இருந்தால், இரை போதாமல் தன் சதையையே கரைத்து வற்றிவிடும். வாத்துக்கு அதே முங்கல், அதே ஓடு, உள்ளே ஒன்றுமில்லை. சதை வற்றியிருந்தால், இருப்பதாவது வாத்துக்கு மிஞ்சட்டும் என்று அந்த வளைகுடாவில் படகுகள் சிப்பி வாருவதை நிறுத்துவார்கள். இல்லையென்றால் வாரிக்கொள்ளலாம். அதை முடிவுசெய்யத்தான் எங்கள் அட்டவணை.

எங்கள் ஆபீஸ் வழக்கம் வேறு. எடை ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும். சிவப்பு என்றால் அங்கே எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று அர்த்தம். 'பிழை' என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அந்த வரிகள் தானாகவே கழிந்துவிடும். சிவப்பைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பவள் மாலைக்குள் வேலையை முடிக்கமாட்டாள்.

போன குளிர்காலத்துத் தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. நான் குளச்சல் பக்கத்துக்காரி, சிப்பி அவித்துத் தின்று வளர்ந்தவள். பெரிய ஓட்டைத் திறந்தால் நகமளவு சதை ஒட்டிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டீம் லீடரிடம் போனேன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடச் சின்னவர்.

"இது பிழையில்ல தம்பி. சிப்பி நெசமாவே வத்திப் போயிருக்கு."

"இன்னாக்கா நீ. செவப்பு வந்தா பிழைன்னு போட்டுட்டுப் போய்கினே இரு. வாத்துக்கு நம்மளா சோறு போடறோம்?"

சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன.

அட்டவணை போனது. அதில் மிஞ்சியதெல்லாம் கொழுத்த சிப்பி. சுத்தமான வேலை என்று பாராட்டி அங்கிருந்து மெயில் வந்தது. வளைகுடாவில் சிப்பி வார அனுமதி கிடைத்துவிட்டதாகவும் அதிலேயே இருந்தது. டீம் லீடர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக்கொடுத்தார். நான் என்னுடையதைக் காகிதத்தோடு மேசையிலேயே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நடந்ததையெல்லாம் எழுதி, அவரைக் கெஞ்சி, அவர் வழியாகவே அனுப்பவைத்தேன். அறிக்கை முடிந்துவிட்டது, நன்றி என்று பதில் வந்தது.

இந்த வருடம் வந்தவை சிப்பித் தாள்கள் அல்ல. அந்தக் கரையில் செத்து ஒதுங்கிய வாத்துகளின் எடை. முதல் வரியை ஏற்றியதும் கட்டம் சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. டீம் லீடர் என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். தாளில் இருந்த எடையையே மறுபடி ஏற்றிப் பார்த்தேன். கணினி வாங்கவில்லை.

மாலைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாத்துக்கும் நேராகப் பிழை என்று போட்டேன்.