கல்லோடு வந்த பழுப்புப் பூ

பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடிதம் எழுதியே பல வருடமாகிறது. ஒரு மீன் தொட்டியைப் பற்றி ஊருக்குச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் வைக்கக் கிள்ளானில் ஒரு கடையில் கடல் பாறை வாங்கி வந்தேன். சில வாரம் கழித்து அந்தப் பாறையில் பத்து சென் காசு அளவில் பழுப்பாக ஒரு பூ விரிந்திருந்தது. சுற்றிலும் மெல்லிய விரல்கள், நடுவில் ஒரு வாய். என்ன உயிர் என்று தெரியவில்லை. பசிக்குமே என்று தினமும் மாலையில் இறாலை மசித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அதன் வாயருகே விட்டேன். வளர்ந்தது.

கவலையும் வளர்ந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு களைப்பூ உண்டு, அது தொட்டி முழுக்கப் பெருகிப் பக்கத்துப் பவளங்களைக் கொட்டியே கொன்றுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் இருந்ததோ, எங்கள் திருமண நாளுக்கு மனைவி வாங்கித் தந்த பச்சைப் பவளம்.

கடல் தொட்டிக்காரர்களின் வாட்சப் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியின் நீல விளக்கில் பூ அழகாக மின்னும்படி படம் எடுத்து, “இது என்ன?” என்று போட்டேன்.

“அண்ணே, நீங்க குரூப்லதான் இருக்கீங்களா? எப்பயோ போயிட்டீங்கன்னு நெனச்சோம்” என்றது முதல் பதில்.

“களைப்பூ மாதிரிதான் இருக்கு. லீமாவ் சாறு சிரிஞ்சில எடுத்து வாயில விடுங்கண்ணே, முடிஞ்சிரும்லா” என்றார் இன்னொருவர்.

மனைவி உடனே எலுமிச்சை பிழிந்து வடிகட்டித் தந்தாள். சிரிஞ்சை நிரப்பித் தண்ணீருக்குள் நீட்டினேன். பூ விரல்களை விரித்து வாயைத் திறந்தது.

“ஏங்க, சாப்பாடு வருதுன்னு நெனச்சிருச்சு” என்றாள்.

“அதான் கை வரமாட்டேங்குது.”

“இத்தன நாள் ஊட்டிட்டு இன்னிக்கு இதக் குடுத்தா எப்படி? சிரிஞ்ச வெளிய எடுங்க. ஆனா என் பவளம் செத்துச்சு, அப்புறம் உங்ககிட்டப் பேசிக்கிறேன்.”

எடுக்கும்போது சிரிஞ்சின் முனை பூவில் பட்டுவிட்டது. சட்டென்று சுருங்கியது. களைப்பூவாக இருந்தால் பாறை இடுக்குக்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும். இது ஒளியவில்லை. சதை விலகிய இடத்தில் வெள்ளைக் கல் வரிகள் வட்டமாகத் தெரிந்தன. மேசையில் கிடந்த பாதி எலுமிச்சையின் வரிகளைப் போலவே இருந்தன.

வெள்ளை விளக்கைப் போட்டு, அந்த வரிகள் தெரிய மறுபடியும் படம் அனுப்பினேன்.

சாறு சொன்னவரே எழுதினார்: “அண்ணே, இத மொதல்லயே போட்டிருக்கக் கூடாதா? நீல லைட்ல எல்லாமே ஒரே மாதிரிதான். உள்ள கல் எலும்பு இருக்கே, இது குட்டிப் பவளம். சாறு ஊத்திட்டீங்களா?”

“இல்லை” என்று எழுதினேன்.

“அப்பாடா. மன்னிச்சிருங்கண்ணே. அடிக்கடி பேசுங்க.”

மிச்சச் சாற்றில் மனைவி சீனியும் ஐஸும் போட்டுக் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்து குடித்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து, சிரிஞ்சை நன்றாகக் கழுவி, எதற்கும் இருக்கட்டும் என்று பச்சைப் பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாறையை வைத்து, இறால் கொடுத்தேன். சாப்பிட்டது.