முழங்காலுக்குப் பூசிய பாம்புச் சாராயம்

2004ஆம் ஆண்டுத் திருவிழாவில் நான் குடித்துவிட்டுச் சாமி தூக்க வந்தேன் என்று லண்டன் நோர்பரிப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் குடிக்கிறவன்தான், மறைக்கவில்லை. ஆனால் கொடியேறிய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை, மச்ச மாமிசமும் தொடவில்லை. சாராயமாய் மணந்தது நான் இல்லை. குகதாசன் அண்ணையின் முழங்கால்.

குகதாசன் அண்ணை வாழ்க்கையில் ஒரு மிடறு குடித்ததில்லை. ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் முதலில் கோப்பை கழுவினார், பிறகு மீன் வெட்டினார். மனைவி தவநாயகியும் மகளும் விசா கிடைக்காமல் கொழும்பில் இருந்த காலத்தில், அவர்கள் வந்து சேர்ந்தால் இங்கே இருக்கும்வரை வருடாவருடம் சாமி தூக்குவதாக முருகனுக்கு நேர்ந்துவிட்டார். அவர்கள் வந்தார்கள். ஆனால் ஈரத் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. டொக்டர் மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறை என்று அனுப்பினார். அண்ணைக்குக் குறைக்க உடம்பே இல்லை.

அந்தக் கடையின் பெரிய சமையற்காரர் ஹிகா, ஒக்கினாவாத் தீவுக்காரர். ஊருக்குப் போய் வந்தபோது அண்ணைக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார். மஞ்சள் நிறச் சாராயத்துக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பெயர் ஹபுவாம். எங்கள் புடையன் மாதிரி விஷமுள்ள சாதி. வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. விஷத்தைச் சாராயம் முறித்துவிடும், படுக்கும் முன் ஒரு சின்னக் கிளாஸ் குடித்தால் மூட்டு நோவு போய்விடும் என்றாராம் ஹிகா.

அண்ணையால் குடிக்கவும் முடியாது, ஆசையாய்க் கொண்டுவந்த மனிதனிடம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உள்ளுக்குப் போனால் என்ன, வெளியில பூசினால் என்ன? போய்ச் சேர வேண்டிய இடம் முழங்கால்தானே."

"அண்ணை, எனக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்கோ. குடிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

"உனக்கு நாக்கிலதான் நோவு. பேசாமல் இரு."

பாம்பு தன்னைப் பார்க்கக்கூடாது என்று தவநாயகி அக்கா போத்தலைத் துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். மகள் தக்ஷிகா, "அப்பா, வீடு பப் மாதிரி மணக்குது" என்று யன்னலைத் திறப்பாள். பாம்பின் குணமோ தேய்த்த தேய்ப்போ தெரியாது, அண்ணை படி ஏறி இறங்கத் தொடங்கினார்.

சாராயம் குறைந்து பாம்பின் தலை வெளியே தெரியும் முன் திரும்ப ஊற்ற வேண்டும் என்பது ஹிகாவின் கட்டளை. குடிக்காத மனிதர் சாராயக் கடைக்குள் போவாரா? நான்தான் வொட்கா வாங்கிக் கொடுப்பேன். கோயில் செயலாளர் யோகலிங்கம் கடை வாசலில் என்னை அடிக்கடி கண்டார். என் கையையும் போத்தலையும்தான் கண்டார். அது எந்தக் காலுக்குப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடம் சாமி வீதிக்கு வந்த நாள் நல்ல வெயில். சாமியைத் தூக்குகிற கொம்புத் தடிகளில் முன்பக்கத்துக் கொம்பில் அண்ணையும் நானும் தோளோடு தோளாய் நின்றோம். கால் மடங்கிவிடுமோ என்ற பயத்தில் அண்ணை காலையில் இரண்டு மடங்கு பூசியிருந்தார். சூடு ஏற ஏற வேட்டிக்குள்ளிருந்து மணம் கிளம்பியது. யோகலிங்கம் மூக்கைச் சுளித்தார். அண்ணையின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே என்னிடம் வந்தார்.

"ஸ்ரீதரன், கொம்பை விடும்."

"நான் குடிக்கேல்லை."

"சாமிக்கு முன்னால பொய் வேறை. விடும் எண்டுறன்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சாமியைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அவரையும் விலக்குவார்கள், நேர்த்தி முறிந்துவிடும். கொம்பை விட்டேன். அண்ணை நொண்டாமல் வீதி முழுக்கச் சுற்றி வந்தார்.

அன்னதானத்தில் பக்கத்தில் வந்து இருந்து, தன் வடையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"தவநாயகி பாத்துக்கொண்டு நிண்டவள்."

"அப்ப என்ரை மானம்?"

"உன்னைப் பற்றி ஆரும் புதுசாய் ஒண்டும் நினைக்கேல்லையடா."

வடையைத் தின்றேன். வேறு என்ன செய்கிறது? சிரிப்பும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த திருவிழாக்களில் அண்ணை கொம்பு பிடித்தார், நான் தெருவோரம் நின்று மோர் ஊற்றினேன். வொட்காவும் நான்தான் வாங்கினேன்.

கலியாணம் கட்டிக் கனடாவில் இருந்த தக்ஷிகா 2009இல் தாய் தகப்பனைத் தன்னோடு வந்திருக்கக் கூப்பிட்டாள். என்னுடைய வான் வண்டியில்தான் ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனேன். கார் பார்க்கில் அண்ணை துவாயால் சுற்றிய போத்தலை எடுத்து என் சீற்றில் வைத்தார்.

"யோகலிங்கத்திட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். முன் கொம்பு இனி உனக்கு."

"அந்தாள் நம்பினதோ?"

"குனிஞ்சு என்ரை முழங்காலை மணந்து பாத்திட்டுத்தான் நம்பினது."

தவநாயகி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வானை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துப் பிடித்து இறங்கியதை அண்ணை கவனித்திருக்க வேண்டும். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார், திரும்பி வந்தார், என் தோளில் கை வைத்துக் கடைசியாய் ஒன்று சொன்னார்.

"குடிச்சுப்போடாதை, பூசு. சாமி தூக்கிற அண்டைக்கு மட்டும் பூசாதை."