டாக்டரம்மா சொன்ன ‘தெரியாது’

நான்கு வருடங்களுக்கு முன், திண்டிவனம் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றேன். பக்கத்து நிலத்துக்காரரின் கறவை மாட்டை விஷம் வைத்துக் கொன்றேன் என்று என் மேல் கேஸ். நிரூபணமானால் ஜெயில்தான்.

மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் நடத்துகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த மாடு அடிக்கடி வந்து என் பாத்திகளை மிதித்து உப்பைச் சேறாக்கும். “இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா நடக்கிறதே வேற” என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தேன். குளம் குட்டையெல்லாம் வற்றிக் கிடந்த கோடையில் ஒருநாள், அது என் கொட்டகை வாசலில் செத்துக் கிடந்தது. உப்பு வாரும் பலகையை அலச நான் உப்புத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த டப், பக்கத்திலேயே பாதி காலியாக இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? நான்தான் செய்தேன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. என் சொந்தக்காரர்கள்கூட என்னை முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோர்ட்டில் முதலில் பூச்சிமருந்துக் கடைக்காரர் வந்தார். மாட்டின் வாயில் இருந்த நுரையைப் பார்த்தாலே விஷம் என்று தெரிகிறதாம். மாட்டை நேரில் பார்த்தீர்களா என்று ஜட்ஜ் கேட்டார். செல்போனில் போட்டோ பார்த்தேன் என்றார் கடைக்காரர்.

“மருந்து விக்கிறது வேற. மாடு எதனால செத்துச்சுன்னு சொல்றது வேற” என்ற ஜட்ஜ், அந்தக் கருத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்து கால்நடை டாக்டரம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். மாட்டை அறுத்துப் பார்த்தவர் அவர்தான். அவர் சொல்வது எடுபடும் என்று என் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். டாக்டரம்மா, குடலில் என்ன பார்த்தார், லேபுக்கு எதை அனுப்பினார், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விஷம் இல்லை, உப்புத் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததால் இறந்திருக்கிறது என்றார். ஜட்ஜ் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

அரசு வக்கீல் விடவில்லை. என்னைக் காட்டி, மாடு குடிக்கட்டும் என்றே இந்த அம்மா டப்பை அங்கே வைத்திருக்கிறார், அப்படித்தானே என்று கேட்டார். டாக்டரம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“மாட்டப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன். இவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க.”

ஜட்ஜும் அந்தக் கேள்வியை அதற்கு மேல் வளர விடவில்லை. நான் வேண்டுமென்றே வைத்தேன் என்று நிரூபிக்க முடியாததால், சில வாய்தாக்கள் கழித்து விடுதலையானேன். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே, “உங்களுக்காகச் சொல்லலம்மா. எனக்குத் தெரியல, அதான் தெரியாதுன்னேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்காகப் பேசினார் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். என்னோடு பழகியவர்கள் எல்லாரும் என் மனதில் இருப்பது தெரியும் என்று சொன்னார்கள். முன்பின் அறியாத அந்த அம்மா தெரியாது என்றார், அதனால்தான் இன்று என் உப்பளத்தில் நிற்கிறேன்.