சோதனைக்காகப் போட்ட முகவரி

"…அடிச்சீந்தா எனக்குக் கேட்டீக்கும்தானே சேர்? பெல்லுக்குக் கீழதான் என்ட கதிரை. ஈ பறந்தாலும் கேக்கும். அடிக்கல்ல சேர், வல்லாஹி அடிக்கல்ல!"

மருந்தறைப் பொறுப்பாளர் இதை எத்தனையாவது தடவையாகச் சொன்னாரோ தெரியாது. முகாமையாளரின் அறைக்குள் நான் நுழைந்தபோது காதில் விழுந்தது இவ்வளவுதான். மேசைக்கு முன்னால் கதிரை காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை அது. கணினி, கமரா, மக்கர் பண்ணும் பிரின்டர் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. கழற்றிப் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டவன். மருந்தறைப் பொறுப்பாளர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் வீடுகளில் அக்காவைத் 'தாத்தா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வாங்க தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "ஒங்கட பெல்லுக்கு வாய் அடைச்சிப் பெய்த்து. மருந்து வேணுமா எண்டு கேளுங்க."

சிரிப்பதற்குச் சொன்னார். அவர் கண் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் உள்ளறையில் இருந்த மருந்துக் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோயிருக்கிறது. ஞாயிறு மருந்தறை திறப்பதில்லை. திங்கட்கிழமை காலை, குழந்தைகளுக்கான தடுப்பூசி எடுக்கத் திறந்தபோது உள்ளே குளிரே இல்லை. தடுப்பூசி, இன்சுலின் அத்தனையும் வீண். சனிக்கிழமை கடமையில் இருந்தவர் தாத்தா. 'எச்சரிக்கை மணியை அலட்சியம் செய்தேன்' என்று சிங்களத்தில் அடித்த கடிதம் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்திட வேண்டும்.

"இதுல கையெழுத்து வெச்சா இந்த வேல மட்டும் போற இல்ல தம்பி," என்றார் என்னிடம், மெல்லிய குரலில். "ஒரு பாமசியும் இனி என்னைய எடுக்கா."

அந்த மணியைப் பொருத்தியவன் நான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை தாத்தா காலையும் மாலையும் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். இனிக் கொப்பி வேண்டாம் என்று முகாமையாளர் சொல்ல, பெட்டிக்குள் வெப்பம் அளக்கும் ஓர் உணர்கருவி வைத்து வலையமைப்பில் இணைத்தேன். அது இரண்டு வழியில் பேசும். அலுவலகக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "எத்தனை பாகை?" என்று கேட்டால் பதில் சொல்லும். எட்டுப் பாகையைத் தாண்டினால் யாரும் கேட்காமலே, நாம் எழுதிவைத்த முகவரிக்கு, அதாவது ஒரு கணினியின் வலையமைப்பு எண்ணுக்கு, தானாக ஓர் எச்சரிக்கை அனுப்பும். அந்த எச்சரிக்கை அலுவலகக் கணினிக்கு வந்தால்தான் தாத்தாவின் தலைக்கு மேல் மணி அடிக்கும்.

முகாமையாளர் திரையை என் பக்கம் திருப்பினார். சிங்களவர், நல்ல மனிதர், எங்களோடு தமிழில் பேசப் பிரியப்படுபவர். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து வெப்பநிலைக் கோடு மலைபோல் ஏறியிருந்தது.

"மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. மிஸ்ஸுக்கு மட்டும் தெரியல்ல. எப்பிடி? நீங்க ஒருக்கா செக் பண்ணுங்க."

உணர்கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். எச்சரிக்கை போகவேண்டிய முகவரி என்ற கட்டத்தில் இருந்தது அலுவலகக் கணினியின் எண் இல்லை. என் லெப்டொப்பின் எண்.

பொருத்திய அன்று, எச்சரிக்கை சரியாகப் போகிறதா என்று பார்க்கச் சோதனைக்காக என் லெப்டொப்பின் எண்ணைப் போட்டிருந்தேன். வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கன்டீனுக்குப் போய் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். எண்ணை மாற்றவில்லை. மணியைத் தனியே சோதித்தேன், எச்சரிக்கையைத் தனியே சோதித்தேன். இரண்டையும் சேர்த்துச் சோதிக்கவில்லை. சனிக்கிழமை அந்தப் பெட்டி கத்திய கத்தலெல்லாம், கலகெதரையில் என் வீட்டு அலுமாரிக்கு மேல் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்த லெப்டொப்பைத் தேடித்தான் போயிருக்கிறது.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்ததாகச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. பிழையைக் கண்டால் திருத்துகிற கை என்னுடையது. எண்ணை மாற்றினேன். சேமித்தேன்.

"என்ன, சரியா?" என்றார் முகாமையாளர்.

"இப்ப சரியா இருக்குங்க சேர்."

"அப்ப டெஸ்ட் பண்ணுவோம்."

மூவரும் மருந்தறைக்குப் போனோம். காலையில் திருத்தி மறுபடி குளிரவைத்திருந்த பெட்டியிலிருந்து முகாமையாளர் உணர்கருவியை வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். ஒரு நிமிடம் போயிருக்காது. தாத்தாவின் கதிரைக்கு மேல் மணி அலறியது.

எங்கள் வாசல் காவலாளி அடிக்கடி சொல்லுவார்: "செஞ்ச வேலைக்குச் சாட்சிய நாமதான் தேடணும். செய்யாத தப்புக்குச் சாட்சி தானா நடந்து வரும்." அன்று அந்தச் சாட்சியை நடத்திக்கொண்டு வந்தவன் நான்.

"மிஸ், அடிக்குதுதானே?" என்றார் முகாமையாளர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

தாத்தா மணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவேளை அன்றைக்கும் அடித்திருக்குமோ, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்ற சந்தேகம் அந்த முகத்தில் வந்துவிட்டது. எங்களோடு அறைக்குத் திரும்பி வந்தார். முகாமையாளர் பேனாவை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

நான் வந்துபோகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருக்கிறார். இறங்கும் இடம் தாண்டி மணி அடிப்பவர்களிடம், "பாலத்துக்கு இந்தப் பக்கம் அடிக்கணும் ஐயா. அந்தப் பக்கம் போய் அடிச்சா மகாவலி ஆத்துல நீந்தித்தான் வரணும்" என்பார். நான் பாலத்தின் நடுவில் நின்றேன்.

"சேர், இப்ப அடிச்சது இப்பதான் நான் சரி பண்ணினதால," என்றேன். "சனிக்கிழமை அடிச்சிருக்காதுங்க. அது என் லெப்டொப்புக்குப் போயிருக்கு. நான்தான் மாத்த மறந்துட்டேன்."

முகாமையாளர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஹரி," என்றார், சிங்களத்தில் 'சரி' என்று. "அப்ப மெஷின் பிழை. மிஸ் சைன் பண்ண வேணாம். நீங்களும் ஒண்டும் எழுத வேணாம். வெளியில கதைக்க வேணாம். போய் வேலையப் பாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"மெஷின் பிழையும் இல்ல சேர், என்ட பிழையும் இல்ல," என்றார் தாத்தா. "நான் பொய் செல்றன் எண்டு காலையில இருந்து வார்ட் முழுக்கப் பேசியாச்சு. அத எந்த மெஷின் வந்து திருத்தும்?"

கடிதத்தை எடுத்து, எழுத்தில்லாத பக்கம் மேலே வரத் திருப்பி என் முன்னால் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். பிறகு, காலையிலிருந்து உட்காராத அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.